எண்களிலிருந்து அடையாளம் வரை: பழைய நுண்செயலிகளின் ரோம்களை இனங்காணும் முறையின் வளர்ச்சி

1. ஆய்வுச் சிக்கல்

1970களிலும் 80களிலும் வெளிவந்த கணினிகள், காசு போட்டு ஆடும் விளையாட்டுப் பொறிகள், திரை முனையங்கள், அளவைக் கருவிகள் ஆகியவற்றின் இயல்பை முடிவு செய்தவை, அவற்றின் மின்சுற்றுப் பலகையில் செருகப்பட்டிருந்த ரோம் சில்லுகள். மின்சாரம் நின்றாலும் அழியாத சில ஆயிரம் பைட்டுகளில் ஒரு பொறியின் அறிவு முழுவதும் அடங்கியிருந்தது. இன்று அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் வந்து சேரும் சில்லுகளில் பல, பலகையிலிருந்து பிரிந்தவை. மேலே ஒட்டிய தாள் உதிர்ந்தவை. தயாரித்த நிறுவனமே மறைந்துபோனவை. படிக்கும் கருவியில் பொருத்தினால் அவற்றிலிருந்து கிடைப்பது 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசை மட்டுமே. அது எந்தச் செயலிக்கு எழுதப்பட்டது, எந்தப் பொறியில் ஓடியது, என்ன வேலை செய்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை அந்த எண்களிலிருந்தே தேடியாக வேண்டும். இந்தத் தேடலில் முதன்மையான துணை, இயந்திர எண்களை மனிதர் படிக்கத்தக்க கட்டளைகளாக மீட்டெழுதித் தரும் டிஸ்அசெம்பிளர்.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: டிஸ்அசெம்பிளர் எந்த ரோமையும் தானாக இனங்காண்பதில்லை, ஆய்வாளர் முன்வைக்கும் ஊகத்தைச் சோதித்துப் பார்க்கவும், தவறானதைத் தள்ளவும் அது இடம் தருகிறது. 1976 முதல் இக்கருவி அடைந்த முன்னேற்றத்தை, கட்டளைகளை விரைவாகவும் தெளிவாகவும் அச்சிடும் திறனின் முன்னேற்றமாகவே பலரும் பார்க்கிறார்கள். சான்றுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு போக்கு தென்படுகிறது. ஓர் ஊகம் தோற்றுப்போகக்கூடிய வழிகள் படிப்படியாகப் பெருகிவந்ததே இத்துறையின் உண்மையான வளர்ச்சி. ஆகவே ஒரு ரோமுக்கு நாம் சூட்டும் அடையாளத்தின் உறுதியை, அது எத்தனை தனித்தனிச் சோதனைகளில் தேறி நின்றது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். கட்டுரையில் வரும் முகவரிகளும் பைட் மதிப்புகளும் பத்தடிமான எண்களாகவே தரப்படுகின்றன.

2. சில்லு சொல்வதும் சொல்லாததும்

மின்னழுத்தத்தால் எழுதிப் புறஊதா ஒளியால் அழிக்கத்தக்க ஈப்ரோம் சில்லை இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃபுரோமன் 1971இல் உருவாக்கினார். 1702 என்ற எண் கொண்ட அந்தச் சில்லில் 256 பைட்டுகளுக்கு இடமிருந்தது. அடுத்தடுத்து வந்த 2708இல் 1,024 பைட்டுகளும், 2716இல் 2,048 பைட்டுகளும், 2732இல் 4,096 பைட்டுகளும், 2764இல் 8,192 பைட்டுகளும் அடங்கின. 2708 முதலான பிற்காலச் சில்லுகளில், அழித்தபின் ஒவ்வொரு பைட்டும் 255 ஆக இருக்கும். எழுதுவதென்பது வேண்டிய பிட்டுகளை 1இலிருந்து 0 ஆக்குவதே. எனவே கோப்பின் கடைசியில் 255 என்ற எண்ணே நீண்டு தொடர்ந்தால், அங்கே நிரல் முடிந்து வெற்றிடம் தொடங்குகிறது என்று ஊகிக்கலாம். சில்லின் பருப்பொருளிலிருந்து கிடைக்கும் சான்று ஏறக்குறைய இவ்வளவுதான்.

சில்லு சொல்லாமல் விடுவது இதைவிட அதிகம். 2716 சில்லுக்குத் தன்னுள் இருக்கும் 2,048 இடங்களை மட்டுமே தெரியும். செயலியின் 65,536 முகவரிகளில் தான் எங்கே அமர்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதை முடிவு செய்வது பலகையில் உள்ள முகவரி பிரிக்கும் சுற்று. பலகை காணாமல் போனால், அந்த 2,048 பைட்டுகள் 32 இடங்களில் எதில் வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். 16 பிட் அகலமுள்ள பொறிகளில் இன்னொரு சிக்கலும் சேரும். மோட்டோரோலா 68000 பலகைகளில் இரட்டைப்படை முகவரிகளின் பைட்டுகள் ஒரு சில்லிலும், ஒற்றைப்படை முகவரிகளின் பைட்டுகள் மற்றொன்றிலும் பிரிந்து கிடப்பது வழக்கம். இணையில் ஒன்று மட்டும் கிடைத்தால், அதிலுள்ள எழுத்துத் தொடர்கள் ஒன்று விட்டு ஒன்றாகச் சிதைந்து தெரியும். கட்டளைகளோ பொருளற்றுப் போகும். செயலி எது, இருப்பிடம் எது, அடுக்குமுறை எது என்ற மூன்றையும் ஒருசேர ஊகித்த பிறகே டிஸ்அசெம்பிளருக்கு வேலை தொடங்குகிறது. மூன்றில் ஒன்று பிழைத்தாலும் வெளியீடு பிழைக்கும். ஆனால் பிழை என்று அந்த வெளியீடு தானாகச் சொல்லாது.

3. தொடக்க முகவரியும் சரளமான பிழைப்பாடமும்

மின்சாரம் வந்தவுடன் முதற்கட்டளையை எங்கே தேடுவது என்பதில் ஒவ்வொரு செயலிக்கும் தனி விதி உண்டு. இன்டெல் 8080, ஸைலாக் இசட் 80 இரண்டும் 0 என்ற முகவரியிலிருந்து தொடங்குகின்றன. மாஸ் டெக்னாலஜியின் 6502 செயலி 65532, 65533 ஆகிய இரு இடங்களில் எழுதியிருக்கும் முகவரிக்குச் செல்கிறது. அங்கே சிறிய பகுதி முதலிலும் பெரிய பகுதி அடுத்தும் வரும். மோட்டோரோலா 6800 அதே தகவலை 65534, 65535 ஆகிய இடங்களில், பெரிய பகுதியை முதலில் வைத்துப் படிக்கிறது. 68000, நினைவகத்தின் முதல் நான்கு பைட்டுகளை அடுக்கின் முகவரியாகவும், அடுத்த நான்கைத் தொடக்க முகவரியாகவும் கொள்கிறது. இன்டெல் 8086, தான் காணும் 1,048,576 முகவரிகளில் உச்சிக்கு 16 இடம் கீழே, அதாவது 1,048,560இல் விழித்தெழுகிறது.

முதல் ஊகத்தை இவ்விதிகளே தருகின்றன. கோப்பின் கடைசி ஆறு பைட்டுகளை 6502இன் மூன்று முகவரிகளாகப் பிரித்துப் பார்க்கிறோம் என்று கொள்வோம். தொடக்க முகவரி ரோமின் எல்லைக்குள் விழுந்து, அந்த இடத்தில் 120, 216, 162, 255, 154 என்ற வரிசை இருந்தால், ஊகம் வலுப்பெறுகிறது. குறுக்கீட்டைத் தடு, பத்தடிமானக் கணக்கை நிறுத்து, அடுக்கை அதன் உச்சியில் வை என்பதே அந்த ஐந்து பைட்டுகளின் பொருள். 6502 பொறியை எழுப்பும் நிரல் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே. கோப்பின் கடைக்கோடியில் இருந்த எண் கோப்பின் நடுவே ஓரிடத்தைக் காட்டுவதும், அந்த இடம் பொருளுள்ள தொடக்கமாக அமைவதும் தற்செயலாக ஒன்றுசேர்வது அரிது.

கட்டளைகள் சரளமாக வருவதை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். 6502இன் 256 மதிப்புகளில் 151க்கு மட்டுமே ஆவணப்படுத்தப்பட்ட பொருள் உண்டு. 8080இல் 12 மதிப்புகள் மட்டுமே காலியாக விடப்பட்டன. இசட் 80 அந்தப் பன்னிரண்டையும் தன் புதிய கட்டளைகளுக்குப் பயன்படுத்திக்கொண்டதால், ஏறக்குறைய எந்த எண் வரிசையும் அதில் ஏதோ ஒரு நிரலாக வாசிக்கப்படும். 32 என்ற பைட் 6502இல் துணைநிரலை அழைக்கிறது. இசட் 80இல் நிபந்தனையோடு தாவுகிறது. 8085இல் குறுக்கீட்டு நிலையைப் படிக்கிறது. உறவுடைய செயலிகளிடையே ஆபத்து இன்னும் பெரிது. 6800, 6809 இரண்டிலும் துணைநிரலை அழைக்கும் 189, திரும்பும் 57, தாவும் 126 ஆகியவை ஒன்றே. ஆனால் 142 என்ற பைட் 6800இல் அடுக்கின் முகவரியை நிறுவுகிறது. 6809இல் வேறொரு பதிவகத்தை நிரப்புகிறது. தவறான செயலியைத் தேர்ந்தவருக்கு நிரலின் எலும்புக்கூடு சரியாகவே தோன்றும்; உள்ளே தசை மாறியிருக்கும்.

புள்ளியும் சொல்லிடைவெளியும் இடாத ஓலைச்சுவடியைப் பதிப்பவர் எதிர்கொண்டதும் இத்தகைய சிக்கலே. எழுத்துகள் கண்முன் இருக்கின்றன. எங்கே பிரித்துப் படிப்பது என்பதைப் பொருளும் யாப்பும் முன்பின் இடங்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இந்த எட்டு பிட் செயலிகளில் ஒரு கட்டளை ஒரு பைட்டாகவும் இருக்கலாம், இரண்டு மூன்றாகவும் நீளலாம். எல்லைக்குறி எதுவும் இல்லை. ஒரு பைட் தள்ளித் தொடங்கினால் வேறொரு நிரல் பிறக்கும்.

இருப்பிடத்தைக் காண்பதற்கு இதே தருக்கத்திலிருந்து ஒரு வழி பிறக்கிறது. 6502 ரோமில் 32 என்ற பைட்டுக்கு அடுத்து வரும் முகவரிகளையெல்லாம் திரட்டலாம். பின்பு, கோப்பு 32 இடங்களில் ஒவ்வொன்றிலும் இருப்பதாகக் கொண்டு, அந்த முகவரிகளில் எத்தனை 'திரும்பு' கட்டளையான 96ஐ அடுத்து உடனே தொடங்குகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு துணைநிரல் முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்குவதே வழக்கம் ஆதலால், சரியான இருப்பிடத்தில் இந்த எண்ணிக்கை எழுந்து நிற்கும், மற்றவற்றில் சிதறிப்போகும். இங்கே முடிவைத் தருவது கட்டளைகளின் சரளம் அன்று. ரோமின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குச் சாட்சி சொல்வதே முடிவைத் தருகிறது.

4. 1976: கருவி வெளியானபோதே தெரிந்த எல்லை

6502க்கான டிஸ்அசெம்பிளர் ஒன்றை ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஆலன் பாமும் 1976 செப்டம்பரில் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் இதழில் வெளியிட்டார்கள். மறு ஆண்டு வந்த ஆப்பிள் 2 கணினியின் கண்காணிப்பு நிரலுக்குள்ளேயே அத்தகைய கருவி இடம்பெற்றது. ஒரு முகவரியையும் ஓர் எழுத்தையும் தட்டினால் அங்கிருந்து இருபது கட்டளைகள் திரையில் வரும். 2,048 பைட் ரோமுக்குள் இதற்கு இடம் ஒதுக்கியது பெரிய முடிவு. தன் ரோமைத் தானே படித்துக் காட்டும் பொறி எளியவர் கைக்கு வந்தது. ஒரு தலைமுறை நிரலாளர்கள் பிறர் எழுதியதைப் படித்துக் கற்க வழி பிறந்தது.

அந்தக் கருவியை ஏமாற்றும் நிரலும் அதே கணினியில் இருந்தது. ஆப்பிள் 2இன் முழு எண் பேசிக் ரோம்களில் ஸ்வீட் 16 என்ற கற்பனைச் செயலியை வோஸ்னியாக் அமைத்திருந்தார். 63113 என்ற முகவரியில் உள்ள துணைநிரலை அழைத்தால், அழைப்புக்கு அடுத்து வரும் பைட்டுகளை 6502 கட்டளைகளாகக் கொள்ளாமல், 16 பிட் எண்களைக் கையாளும் வேறொரு மொழியின் கட்டளைகளாக அது நிறைவேற்றும். 0 என்ற பைட் வரும்போது பழைய மொழிக்குத் திரும்பும். வரிசையாகப் படிக்கும் டிஸ்அசெம்பிளர் இந்த மாற்றத்தை அறியாது. ஸ்வீட் 16 பைட்டுகளையும் 6502 கட்டளைகளாகவே எழுதிக்கொண்டு போகும். கண்காணிப்பு நிரலிலும் இத்தகைய நுட்பம் உண்டு. தட்டிய எழுத்துக்கு உரிய துணைநிரலுக்குச் செல்ல அது தாவல் கட்டளையைப் பயன்படுத்துவதில்லை. முகவரியின் பெரிய பகுதியாக 254ஐயும், சிறிய பகுதியாக அட்டவணையிலிருந்து ஒரு பைட்டையும் அடுக்கில் இட்டுவிட்டு, 'திரும்பு' என்கிறது. அட்டவணையில் இருப்பவை முகவரிகள் என்பதே மேலோட்டமாகத் தெரியாது. ஒவ்வொன்றும் ஒரே பைட், அதுவும் உண்மையான இடத்துக்கு ஒன்று குறைவு. நினைவகம் அரிதாக இருந்த காலத்தின் சிக்கனம், பின்னாளில் படிப்பவருக்குத் தடையாக மாறியது.

5. 1983: விளக்கவுரையோடு வந்த ரோம்

அடுத்த கட்டத்தை ஒரு புத்தகம் குறிக்கிறது. 1982இல் வெளிவந்த சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் 16,384 பைட் ரோம் முழுவதையும் இயன் லோகன், ஃபிராங்க் ஓஹாரா இருவரும் வரி வரியாக விளக்கி 1983இல் நூலாக்கினார்கள். அதன் முதல் எட்டு பைட்டுகள் 243, 175, 17, 255, 255, 195, 203, 17. குறுக்கீட்டைத் தடு, திரட்டியைச் சுழியாக்கு, ஒரு பதிவக இணையில் 65535ஐ இடு, 4555க்குத் தாவு என்பது அவற்றின் பொருள். இதுவரை எந்தக் கருவியும் தரும். லோகனும் ஓஹாராவும் செய்த பெரும்பணி இதற்கு அப்பால் இருக்கிறது.

ஸ்பெக்ட்ரம் ரோமில் தசமக் கணக்குகளைச் செய்வதற்கு ஓர் உள்மொழி உண்டு. 239 என்ற ஒற்றைப் பைட் கட்டளை 40ஆம் முகவரியை அழைக்க, அதை அடுத்த பைட்டுகள் கணக்கியின் குறிகளாக வாசிக்கப்படுகின்றன: 4 பெருக்கல், 15 கூட்டல், 56 கணக்கின் முடிவு. இசட் 80இன் கண்ணில் 4 ஒரு பதிவகத்தை ஒன்று கூட்டுவது. 15 திரட்டியைச் சுழற்றுவது. 56 நிபந்தனையோடு தாவுவது. கடைசியில் சொன்னதே மிகுந்த கேடு விளைவிக்கிறது. தாவல் கட்டளைக்கு இரண்டு பைட்டுகள் தேவை என்பதால், கணக்கு முடிந்தபின் வரும் உண்மையான முதற்கட்டளையை அது தன் தூரமாக விழுங்கிவிடுகிறது. அந்தக் கட்டளை பல இடங்களில் 201, அதாவது 'திரும்பு'. வரிசைமுறைக் கருவியின் வெளியீட்டில் அந்தத் துணைநிரலின் முடிவே காணாமல் போகிறது. இரு துணைநிரல்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. கணக்கியின் உள்மொழியை முதலில் புரிந்துகொண்டு, பின்பே எல்லைகளை மீண்டும் வரைய முடிந்தது. விளக்கவுரை என்பது வெளியீட்டின் ஓரத்தில் எழுதிய அலங்காரக் குறிப்பு இல்லை என்பதற்கு இது தெளிவான சான்று. பொருள் புரிந்த பிறகே பிரிப்பு சரியானது.

தரவுப் பகுதிகளும் இதே பாடத்தையே தருகின்றன. 15616ஆம் முகவரி முதல் ரோமின் கடைசி வரை உள்ள 768 பைட்டுகள், 96 எழுத்துருக்களின் வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு. அவற்றைக் கட்டளைகளாகப் படித்தால் குழப்பம். எட்டு எட்டாகப் பிட்டுகளைப் படமாக வரைந்தால் எழுத்துகள். பேசிக் மொழியின் முதன்மைச் சொற்களின் பட்டியலில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தோடும் 128 கூட்டப்பட்டிருக்கிறது. சொல் முடிந்ததற்கு அதுவே குறி. முழுச் சொல்லையும் நேரடியாகத் தேடுபவருக்கு அது கிடைக்காது.

6. கருவியால் தாண்ட முடியாத கோடு

இத்தகைய இடர்ப்பாடுகள் கருவியின் குறையா, பொருளின் இயல்பா? 1980இல் ஹார்ஸ்பூல், மரோவாக் இருவரும் தி கம்ப்யூட்டர் ஜர்னலில் எழுதிய கட்டுரை இதற்கு விடை தந்தது. எந்தப் பைட் கட்டளை, எந்தப் பைட் தரவு என்று எல்லா நிரல்களுக்கும் பொருந்துமாறு பிரிக்கும் பொதுவழி, ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டி அறியும் வழிக்கு நிகரானது என்று அவர்கள் காட்டினார்கள். அப்படியொரு பொதுவழி இல்லை என்பதை ஆலன் டூரிங் 1936இலேயே நிறுவியிருந்தார். ஆகவே முழுத் தானியக்கம் என்பது உழைப்பால் எட்டக்கூடிய இலக்கு அன்று; கணிதமே மறுத்த இலக்கு.

கோட்டைத் தாண்ட முடியாவிட்டாலும் அதை நெருங்க முடியும். வரிசையாகப் படிப்பதற்கு மாறாக, தொடக்க முகவரியிலிருந்து நிரல் ஓடும் வழியிலேயே சென்று, தாவல்களையும் அழைப்புகளையும் பின்தொடர்ந்து, எட்டிய பைட்டுகளை மட்டும் கட்டளை எனக் குறிக்கும் முறை நிலைபெற்றது. 1990களின் தொடக்கத்தில் இல்ஃபக் கில்ஃபனோவ் உருவாக்கிய ஐடா, இம்முறையை ஆய்வாளரோடு உரையாடும் கருவியாக வளர்த்தது. மனிதர் ஓரிடத்தைத் தரவு என்று திருத்தினால், கருவி அதற்கேற்ப மற்ற இடங்களைத் திருத்திக்கொள்ளும். 2019 மார்ச்சில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை பொதுவெளியில் விட்ட கீட்ரா, 6502, இசட் 80, 8051, 68000 போன்ற பழைய செயலிகளையும் விலையின்றிப் படிக்க வைத்தது. பழைய பொறிகளை மென்பொருளில் போலச்செய்யும் மேம் திட்டத்தோடு வரும் யூனிடாசம் எண்ணற்ற செயலிகளின் கட்டளைகளை அறியும்.

ஓட்டத்தைப் பின்தொடரும் முறையின் சிறப்பு, முரண்பாட்டை வெளிக்காட்டுவதில் இருக்கிறது. இரு வழிகள் ஒரே பைட்டுகளை வெவ்வேறு எல்லைகளில் பிரித்தால் மோதல் தெரியும். தாவல் ஒன்று எழுத்துருப் பட்டியலின் நடுவே விழுந்தால் சந்தேகம் எழும். பழைய வரிசைமுறைக் கருவிக்கு இப்படி இடறி விழ வாய்ப்பே இல்லை; அதனால்தான் அது தன் பிழையையும் காட்டியதில்லை. முன்னேற்றம் என்று இங்கே சொல்லத்தக்கது இதுவே.

7. ரோமுக்கு வெளியிலிருந்து வரும் சாட்சி

ரோமின் உள்ளொற்றுமை செயலியையும் இருப்பிடத்தையும் நிறுவும். பொறி எது என்று சொல்ல, பைட்டுகளை வன்பொருளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஐபிஎம் பிசியின் 8,192 பைட் பயாஸ் ரோமில் 113, 80, 90, 10, 31, 6, 25, 28, 2, 7 என்று தொடங்கும் ஒரு பட்டியல் உண்டு. கட்டளைகளாக அதற்குப் பொருளில்லை. மோட்டோரோலா 6845 என்ற திரைக் கட்டுப்பாட்டுச் சில்லின் பதிவகங்களாகக் கொண்டால், இரண்டாவது எண் ஒரு வரியின் எழுத்துகள், 80. ஏழாவது எண் வரிகள், 25. ஐந்தாவதும் பத்தாவதும் ஒன்று குறைத்து எழுதப்படுபவை. ஆகவே 32 எழுத்து வரிகள், ஒவ்வொன்றுக்கும் 8 கீற்றுகள். ஆறாவது எண் சொல்லும் மிகுதிக் கீற்றுகள் 6. பெருக்கிக் கூட்டினால் 262. அமெரிக்கத் தொலைக்காட்சி முறையில் ஒரு புலத்தின் கீற்றுகள் 262.5. ரோமை எழுதியவரோ படிப்பவரோ வளைக்க முடியாத புறவுலகின் எண்ணோடு இந்தக் கணக்கு பொருந்துகிறது. அத்தகைய பொருத்தம் பத்துப் பக்கக் கட்டளை வரிகளைவிட வலுவான சான்று.

இதே ரோமின் உச்சிக்கு 16 இடம் கீழே ஐந்து பைட் தாவல் கட்டளையும், அதையடுத்து எட்டு எழுத்துகளில் வெளியீட்டு நாளும் இருக்கின்றன. எல்லாப் பைட்டுகளையும் கூட்டினால் கூட்டுத்தொகையின் கடைசி எட்டு பிட்டுகள் சுழியாகும்படி அமைத்திருக்கிறார்கள். சில்லைப் படித்ததில் ஒரு பிட் பிழைத்திருந்தாலும் இக்கூட்டல் காட்டிக்கொடுக்கும். தன்னைச் சோதிக்கும் கணக்கை நிரலே தாங்கி நிற்பது ஆய்வாளருக்குக் கிடைத்த கொடை.

எழுத்துத் தொடர்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஆப்பிள் நிறுவனம் ஃபிராங்க்ளின் நிறுவனத்தின் மீது 1982இல் தொடுத்த வழக்கில், ஃபிராங்க்ளினின் நிரல்களுக்குள் ஆப்பிள் நிரலாளர் ஒருவரின் பெயரும், ஆப்பிள்சாஃப்ட் என்ற சொல்லும் இருந்தது சான்றாகக் காட்டப்பட்டது. ரோமில் உள்ள நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனங்காணும் முறைக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு: உள்ளே இருக்கும் பெயர் நிரலின் பிறப்பிடத்தைச் சொல்லும், சில்லு எந்தப் பொறியில் இருந்தது என்பதைச் சொல்லாது.

பிபிசி மைக்ரோவின் இயக்க ரோம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 64512 முதல் 65279 வரையிலான 768 முகவரிகள் அந்தக் கணினியில் உள்ளீடு வெளியீட்டுச் சாதனங்களுக்கு உரியவை. அவற்றின் பின்னே மறைந்துபோகும் ரோம் பகுதியில், கணினியை உருவாக்க உதவியவர்களின் பெயர்ப் பட்டியலை ஏகார்ன் நிறுவனத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். வழக்கமாக இயங்கும் பொறி அதைக் காணாது; சில்லைத் தனியே கழற்றிப் படித்தால் தெரியும். பொறியின் பார்வையும் சில்லின் உள்ளடக்கமும் ஒன்றே என்று கொள்வது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

சேகா, அக்கோலேட் வழக்கில் 1992இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு, இம்முறையைப் பொதுப் பதிவில் ஏற்றியது. சேகா ஜெனிசிஸ் பொறிக்கான மூன்று விளையாட்டுப் பேழைகளை அக்கோலேட் பொறியாளர்கள் டிஸ்அசெம்பிள் செய்து, பொதுவான பகுதிகளை ஒப்பிட்டு, மாற்றி ஓட்டி, பொறியோடு பேசும் முறையைக் கண்டார்கள். எல்லா விளையாட்டுகளின் தொடக்கத்திலும் ஒரு சிறு பகுதி வந்தது. அதன் நோக்கம் முதலில் யாருக்கும் புலப்படவில்லை. பேழையை ஏற்குமுன் சேகா என்ற ஆங்கில நான்கெழுத்தைத் தேடும் புதிய வகைப் பொறி வந்த பிறகே அதன் பொருள் துலங்கியது. கட்டளைகள் சரியாகப் பிரிந்திருந்தும் பொருள் கிடைக்காமல் இருந்ததற்குக் காரணம், அந்தப் பொருள் ரோமுக்குள் இல்லை, இன்னொரு பொறிக்குள் இருந்தது என்பதே.

8. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு: இன்று விரல்ரேகை போன்ற சரிபார்ப்பு எண்களின் பட்டியல்கள் இருக்கும்போது இவ்வளவு உழைப்பு எதற்கு? 1997 பிப்ரவரியில் நிக்கோலா சல்மோரியா முதன்முதலில் வெளியிட்ட மேம் திட்டம், ஏராளமான ரோம்களின் சரிபார்ப்பு எண்களைத் திரட்டி வைத்திருக்கிறது. கோப்பைக் கொடுத்தால் நொடியில் பெயர் வரும். இது பெரும் பயன்தான். எந்த ஆய்வும் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஆனால் பட்டியல் அறிந்தவற்றையே அறியும். ஒரு பிட் மாறினாலும் சரிபார்ப்பு எண் முழுவதும் மாறுவதால், திருத்திய பதிப்பையும், பழுதுபட்ட சில்லையும், முற்றிலும் புதியதையும் அது வேறுபடுத்தாது. மூன்றுக்கும் 'தெரியாது' என்ற ஒரே விடை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் யாரோ ஒருவர் முதல்முறை பலகையையும் நிரலையும் பார்த்து முடிவு செய்திருக்கிறார். ஒப்பீடு அந்த முடிவை மறுபடி சொல்கிறதே ஒழிய அதைச் சோதிப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு: பைட்டுகளின் புள்ளியியலைக் கொண்டு செயலியைத் தானாகக் கண்டுகொள்ளலாம் அல்லவா? பெரிய கோப்புகளில் இது நன்கு பயன்படும். 2,048 பைட் ரோமில், அதிலும் பாதி எழுத்துருவும் பட்டியலும் ஆனபோது, கணக்கிடப் போதிய கட்டளைகளே இல்லை. 6800, 6809 போன்ற உறவுச் செயலிகளில் அடிக்கடி வரும் பைட்டுகள் ஒன்றாகவே இருப்பதால் புள்ளியியல் இரண்டையும் நெருங்கிய விடைகளாகவே தரும். முதல் ஊகத்தைத் தருவதில் அதற்கு இடமுண்டு. தீர்ப்புக்கு வேறு சான்று வேண்டும்.

மூன்றாவது மறுப்பே ஆழமானது: துணைநிரல்களுக்குப் பெயரும் விளக்கமும் தருவது ஆய்வாளரின் சொந்தக் கருத்து, அதை எப்படி அறிவு என்பது? இதற்கு வழக்கமாகத் தரும் விடை, மீட்டெழுதிய நிரலை மறுபடி இயந்திர எண்களாக்கி, மூலத்தோடு பைட்டுக்குப் பைட் ஒத்திருப்பதைக் காட்டுவது. அந்த விடை போதாது. ஒரு கட்டளையைக்கூடப் புரிந்துகொள்ளாமல், அத்தனை பைட்டுகளையும் வெறும் எண்களாக எழுதியவரும் இத்தேர்வில் தேறிவிடுவார். கடுமையான சோதனை ஒன்று உண்டு. நிரலின் நடுவே ஒரு வெற்றுக் கட்டளையைச் செருகி, அதற்குப் பின் வரும் யாவற்றையும் ஓரிடம் தள்ளி, மறுபடி இயந்திர எண்களாக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். முகவரி என்று அறியாமல் எண்ணாகவே விட்டுவைத்த ஒவ்வொன்றும் இப்போது தவறான இடத்தைக் காட்டும். ஆப்பிள் கண்காணிப்பு நிரலின் ஒற்றைப் பைட் அட்டவணை போன்றவை உடனே முறிந்து தம்மை வெளிப்படுத்தும். நகர்த்தியும் ஓடும் நிரலில், எது கட்டளை, எது தரவு, எது முகவரி என்ற பகுப்பு முழுவதும் செயலால் மெய்ப்பிக்கப்படுகிறது. மென்பொருள் போலிப்பொறிகள் கைக்கு வந்ததால் இச்சோதனை இன்று எவருக்கும் இயலும்.

நோக்கம் பற்றிய கூற்றுகள் இச்சோதனைக்கும் அப்பாற்பட்டவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பெக்ட்ரம் ரோமின் 102ஆம் முகவரியில், தடுக்க முடியாத குறுக்கீட்டுக்கான சிறு நிரல் இருக்கிறது. 23728இல் உள்ள முகவரியை எடுத்து, அது சுழியானால் மட்டும் அங்கே தாவுகிறது. அதாவது பொறியை மீண்டும் தொடங்குகிறது. சுழியல்லாதபோது தாவுவதே பயனுள்ளது. நிபந்தனை தலைகீழாக எழுதப்பட்டுவிட்டது என்று படித்தவர்கள் கருதுகிறார்கள். நிரல் என்ன செய்கிறது என்பது நிறுவப்பட்ட உண்மை. எழுதியவர் என்ன எண்ணினார் என்பது காரணத்தோடு கூடிய ஊகம். இரண்டையும் ஒரே குரலில் எழுதுவதுதான் குற்றம். பிரித்து எழுதினால் இரண்டும் பயன்படும்.

9. முடிவுரை

1976இல் டிஸ்அசெம்பிளர் பைட்டுக்குக் கட்டளைப் பெயர் தந்தது. 1983இன் விளக்கவுரை, பொருளறியாமல் பிரிப்பு இல்லை என்று காட்டியது. ஓட்டத்தைத் தொடரும் கருவிகள் முரண்பாட்டைக் கண்முன் கொணர்ந்தன. வன்பொருளோடு பொருத்துவதும், பெரும்பட்டியல்களோடு ஒப்பிடுவதும், நகர்த்தி ஓட்டிப் பார்ப்பதும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஊகம் வீழ்வதற்குப் புதிய வழி ஒன்று பிறந்தது. வீழாமல் நின்ற ஊகத்தின் மதிப்பும் அதனாலேயே உயர்ந்தது.

இதிலிருந்து காப்பகங்களுக்கு ஒரு கடமை எழுகிறது. அடையாளம் காணாத ரோமுக்கு ஒரு பெயரை மட்டும் எழுதி வைப்பது, பின்வருவோரிடம் சான்றை மறைப்பதாகும். பைட்டுகள் எந்தச் சில்லிலிருந்து, எத்தனை முறை படிக்கப்பட்டன. செயலியையும் இருப்பிடத்தையும் எந்தச் சான்றால் தீர்மானித்தோம். எந்தெந்தச் சோதனைகள் நடந்தன. எவை இன்னும் நடக்கவில்லை. செயல் எது, நோக்கம் பற்றிய ஊகம் எது என்பவை பெயரோடு சேர்ந்து பதிவாக வேண்டும். ஈப்ரோம் சில்லுகளில் தேங்கிய மின்னேற்றம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிகிறது. படிக்கத் தவறிய சில்லை மறுபடி படிக்க வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். படித்துவிட்ட பைட்டுகளுக்கோ அந்த ஆபத்து இல்லை. ஆகவே முதலில் படித்துக் காப்போம்; பெயர் சூட்டுவதில் அவசரம் வேண்டாம். சோதனைகளின் பதிவோடு கூடிய தயக்கமான அடையாளத்தை, நாளை கிடைக்கும் ஒரு பலகையோ ஒரு கையேடோ திருத்தவும் முடியும், உறுதிப்படுத்தவும் முடியும். காரணம் எழுதப்படாத உறுதியான பெயரை எதைக் கொண்டும் திருத்த முடியாது.